மூடப்படாத குழாய்: முற்றுகைக் காலத்தில் கத்தாரின் பொருளாதாரம்

2017 ஜூன் 5, திங்கட்கிழமை. ரமலான் நோன்பு தொடங்கிப் பத்து நாள்கூட முழுதாக முடியவில்லை. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு நாடுகளும் அடுத்தடுத்துக் கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டன. தரை எல்லை அடைபட்டது. வான்வழியும் அவர்களுடைய துறைமுகங்களும் கத்தாருக்கு இல்லை என்றாகிவிட்டன.

தோஹாவில் மக்கள் விஷயம் தெரிந்ததும் ஓடியது சூப்பர் மார்க்கெட்டுக்கு. பால், தண்ணீர், கோழி, அரிசி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். பால் வைக்கும் குளிர்பெட்டிகள் வரிசையாகக் காலியாகின. பயம் நியாயமானதுதான். அந்த நாடு சாப்பிடுவதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவது. அதிலும் சுமார் 40 சதவீதம் அபு சம்ரா என்ற ஒரே ஒரு எல்லைச் சாவடி வழியாக சவூதியிலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தது. அன்று காலை அந்த லாரிகள் சவூதிப் பக்கம் வரிசைகட்டி நின்றுவிட்டன.

அதே நேரத்தில் கடலுக்கு அடியில் ஒரு குழாய் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. கத்தாரின் வடகிழக்குக் கரையில் இருக்கும் ராஸ் லஃபானிலிருந்து அபுதாபியின் தவீலா வரை 364 கிலோமீட்டர் நீளம். டால்பின் குழாய் என்று பெயர். 2007-லிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 கோடி கன அடி எரிவாயு அதன் வழியே அமீரகத்துக்குப் போகிறது. அமீரகத்தின் எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. துபாயின் குளிர்சாதனங்கள் ஓடுவதில் கத்தார் வாயுவுக்கும் பங்குண்டு.

கத்தார் நினைத்திருந்தால் அன்றைக்கே அதை மூடியிருக்கலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் உண்டு என்று கத்தார் பெட்ரோலியத்தின் தலைவர் சாத் அல்-காபியே அப்போது வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அமீரக மக்கள் சகோதரர்கள், அவர்களைத் தவிக்கவிட மாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னார். மூன்றரை ஆண்டு முற்றுகையில் அந்தக் குழாய் ஒருநாளும் மூடப்படவில்லை.

சகோதர பாசம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று தெரிகிறது. கத்தாரின் செல்வம் நிலத்தடி வாயுவில் பாதி என்றால், மீதிப் பாதி "இவர்கள் சொன்ன தேதியில் சொன்ன அளவைக் கொடுப்பார்கள்" என்று வாங்குபவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. எதிரிக்குப் போகும் குழாயை ஒருமுறை மூடிவிட்டால், டோக்கியோவிலும் சியோலிலும் டெல்லியிலும் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பொருளாதாரத்தின் எலும்புக்கூடு முழுவதும் புலப்படும். எதுவரை பலம், எங்கே பலவீனம் என்பதும் சேர்த்து.

முத்து போனது, வாயு வந்தது

கத்தார் ஏற்கனவே ஒருமுறை ஒற்றைப் பொருளை நம்பிக் கெட்ட நாடு. முத்துக்குளிப்புதான் அதன் பிழைப்பு. வளைகுடா முத்து மும்பை வியாபாரிகள் கைக்கு வந்து அங்கிருந்து உலகமெங்கும் போனது. 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலை ஒரே தலைமுறையில் முடித்துவைத்தன. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுப் போனார்கள். 1940-களைப் பசிக்காலம் என்றே பெரியவர்கள் சொல்வார்கள். துகானில் 1940 வாக்கில் எண்ணெய் கண்டுபிடித்தும் உடனே பயனில்லை. உலகப்போரால் கிணறுகளை அடைத்துவிட்டார்கள். ஏற்றுமதி தொடங்கியது 1949-ன் கடைசி நாளில்.

இடையில் ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்தில் கத்தாரில் புழங்கியது நம் இந்திய ரூபாய். 1959-லிருந்து வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், கத்தாரும் துபாயும் சேர்ந்து தங்களுக்கென்று ரியாலைக் கொண்டுவந்தன. இன்று நம் ஊர்க்காரர்கள் அந்த ரியாலைச் சம்பாதிக்க விசாவுக்கு அலைகிறார்கள்.

1971-ல் கத்தார் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் ஷெல் நிறுவனம் கடலில் வடக்கு வயல் என்னும் எரிவாயு வயலைக் கண்டுபிடித்தது. உலகின் மிகப்பெரிய எரிவாயு வயல் இது. ஈரானோடு பங்கு. மொத்தம் சுமார் 9,700 சதுர கிலோமீட்டர், அதில் 6,000 கத்தார் பக்கம். ஆனால் அன்றைக்கு யாரும் கொண்டாடவில்லை. எண்ணெயைப் பீப்பாயில் நிரப்பி எங்கும் அனுப்பலாம். வாயுவை அப்படி அனுப்ப முடியாது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். அப்போது 600 மடங்கு சுருங்கும். அதற்கென்றே கட்டிய கப்பலில் ஏற்ற வேண்டும். இறங்கும் துறைமுகத்தில் மறுபடி வாயுவாக்க இன்னொரு நிலையம் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லை என்றாலும் மற்ற முதலீடு எல்லாம் கடலில் போட்ட காசு. அதனால் வாங்குபவர் 20, 25 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி கடன் தரும், ஆலை எழும்பும்.

கூட்டாளியாக இருந்த பிபி நிறுவனமே 1992-ல் இது தேறாது என்று கழன்றுகொண்டது. அதன் இடத்துக்கு அமெரிக்க எண்ணெய் நிறுவனம் மொபில் வந்தது. அதே ஆண்டு ஜப்பானின் மின் நிறுவனமான சூபு எலெக்ட்ரிக், ஆண்டுக்கு 40 லட்சம் டன் 25 ஆண்டுக்கு வாங்கச் சம்மதித்தது. 'அல் ஜுபாரா' என்ற கப்பல் முதல் சரக்கை ஜப்பானில் கொண்டுபோய்ச் சேர்த்தது 1997 ஜனவரியில். அடுத்த ஆண்டே எண்ணெய் பீப்பாய் 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. வாயு விலையும் எண்ணெய் விலையோடு கட்டப்பட்டது என்பதால் கழுத்துவரை கடனில் நின்ற கத்தாருக்கு அது வயிற்றில் புளியைக் கரைத்த காலம். ஆனாலும் நிறுத்தவில்லை. 2006-ல் இந்தோனேசியாவை முந்தி எல்.என்.ஜி. எனப்படும் திரவ இயற்கை எரிவாயு ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பிடித்தது. 2010 கடைசியில் ஆண்டுக்கு 7.7 கோடி டன் திறன். அடுத்த மார்ச்சில் ஃபுக்குஷிமா விபத்து. ஜப்பான் அணு உலைகளை மூட, எரிவாயுவுக்கு எங்கும் அடிதடி.

வந்த பணத்தை என்ன செய்தார்கள்? நகரம் கட்டினார்கள். தங்கள் மக்களுக்கு மின்சாரமும் தண்ணீரும் இலவசமாகக் கொடுத்தார்கள், அரசு வேலை கொடுத்தார்கள். மிச்சத்தை 2005-ல் தொடங்கிய கத்தார் முதலீட்டு ஆணையம் வழியாக வெளிநாட்டில் போட்டார்கள். லண்டனின் ஹாரட்ஸ் கடை, ஷார்ட் கோபுரம், ஹீத்ரோ விமான நிலையத்தில் 20 சதவீதம், ஃபோக்ஸ்வாகனில் பங்கு. இவையெல்லாம் ஆடம்பரம் என்று அப்போது பலர் எழுதினார்கள். 2017-ல் அந்தச் சேமிப்புதான் கை கொடுத்தது.

முதல் இரண்டு மாதம்

முற்றுகை அன்று தோஹா பங்குச்சந்தை 7 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இரண்டு நாளில் எஸ் அண்ட் பி நிறுவனம் கத்தாரின் கடன் தர மதிப்பீட்டைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 3.64 ரியால் என்று நிலையான மதிப்பு. வெளிச்சந்தையில் அது ஆட்டம் கண்டது. பிரிட்டனில் சில வங்கிகள் ரியாலை மாற்ற மறுத்தன. இலங்கையில் சில வணிக வங்கிகளும் வாங்க மறுத்தன. அப்படி எந்த உத்தரவும் போடவில்லை என்று இலங்கை மத்திய வங்கி அறிக்கை விட வேண்டியிருந்தது. தோஹாவிலிருந்து மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பணம் அனுப்பும் குடும்பங்களுக்கு அந்த ஓரிரு நாள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையான ஆபத்து வங்கிகளில் இருந்தது. கத்தார் வங்கிகள் 2022 கால்பந்து உலகக் கோப்பைக் கட்டுமானத்துக்குக் கடன் கொடுத்த வேகத்தில், வெளிநாட்டு வைப்புத்தொகையை நிறைய நம்பியிருந்தன. அதில் பெரிய பங்கு பக்கத்து நாட்டுப் பணம். அவர்கள் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். அரசு உடனே வெளிநாட்டில் வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து உள்ளூர் வங்கிகளில் போட்டது. முதல் இரண்டு மாதத்தில் மட்டும் சுமார் 3,850 கோடி டாலர் இப்படி இறக்கப்பட்டதாக மூடிஸ் என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டது. எங்களிடம் மொத்தம் 34,000 கோடி டாலர் கையிருப்பு இருக்கிறது என்று மத்திய வங்கி ஆளுநர் தொலைக்காட்சியில் சொன்னார். அந்த எண்ணைக் கேட்டபிறகு ரியாலை உடைத்துப் பார்க்கலாம் என்று பந்தயம் கட்டியவர்கள் பின்வாங்கினார்கள். 2018 ஏப்ரலில் கத்தார் 1,200 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. வாங்க வந்தவர்கள் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் கேட்டார்கள்.

சரக்குப் போக்குவரத்தில் பட்ட பாடு வேறு. அதுவரை பெரிய கப்பல்கள் துபாயின் ஜெபல் அலியில் இறக்கிவிட, அங்கிருந்து சின்னக் கப்பலில் தோஹாவுக்கு வரும். அதிர்ஷ்டவசமாக 2016 டிசம்பரில்தான் கத்தாரின் சொந்த ஹமாத் துறைமுகம் வேலையைத் தொடங்கியிருந்தது. ஓமானின் சோஹாருக்கும் சலாலாவுக்கும், இந்தியத் துறைமுகங்களுக்கும் நேரடிக் கப்பல் தடங்கள் சில வாரங்களில் வந்துவிட்டன. துருக்கியிலிருந்து விமானத்தில் பால் வந்தது. ஈரானிலிருந்து காய்கறி வந்தது.

எல்.என்.ஜி. கப்பல்கள் அமீரகத்தின் புஜைராவில் எரிபொருள் நிரப்ப முடியாமல் வேறு துறைமுகம் தேடின. ஆனால் சரக்கு ஒன்றுகூடத் தவறவில்லை என்று கத்தார் இன்றும் பெருமையோடு சொல்லும். தவறியது ஹீலியம்தான், அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இயற்கை எரிவாயுவோடு கூடவே கிடைப்பது ஹீலியம். எம்ஆர்ஐ ஸ்கேன் எந்திரத்தின் காந்தத்தைக் குளிர்விக்க இது இல்லாமல் முடியாது. உலகத் தேவையில் கால்வாசிக்கு மேல் கத்தாரிலிருந்து போனது. மைனஸ் 269 டிகிரியில் திரவமாக்கி, பிரத்யேகக் கலத்தில் அடைத்து, லாரியில் சவூதி வழியாக ஜெபல் அலிக்குக் கொண்டுபோவார்கள். நாள் ஆக ஆக ஆவியாகிவிடும் என்பதால் தேக்கிவைக்க வழியில்லை. எல்லை மூடியதும் இரண்டு ஹீலியம் ஆலைகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. கடல் வழியாக வேறு பாதை அமைத்து ஜூலை தொடக்கத்தில்தான் மறுபடி ஓட்டினார்கள். தன் கப்பல், தன் துறைமுகம், தன் ஒப்பந்தம் என்று முழுச் சங்கிலியும் கையில் இருந்த வாயு தப்பித்தது. கடைசிக் கண்ணியை அண்டை நாட்டிடம் விட்டிருந்த ஹீலியம் மாட்டிக்கொண்டது.

விமானத்தில் வந்த மாடுகள்

2017 ஜூலையில் கத்தார் ஏர்வேஸ் சரக்கு விமானம் ஒன்று 165 ஹோல்ஸ்டைன் மாடுகளோடு தோஹாவில் இறங்கியது. பலத்னா என்ற பண்ணைக்காக. தோஹாவுக்கு வடக்கே அல் கோர் பக்கம், பாலைவனத்துக்கு நடுவில், குளிரூட்டிய கொட்டகைகள். இரண்டே ஆண்டில் பல ஆயிரம் மாடுகள். நாட்டின் பால் தேவையை ஈடுகட்டி, 2019-ல் வெளிநாட்டுக்கும் பால் அனுப்பத் தொடங்கினார்கள். தோஹாவில் இருந்தவர்கள் அந்தப் பால் பாட்டிலைப் பெருமையோடு வாங்கியதை நான் குறைசொல்ல மாட்டேன். முற்றுகை நேரத்தில் குழந்தைக்குப் பால் கிடைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி.

ஆனால் பொருளாதாரக் கணக்காகப் பார்த்தால் இதைத் தற்சார்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாடு தின்னும் தீவனம் கப்பலில் வருகிறது. கொட்டகையைக் குளிர்விக்கும் மின்சாரம் வாயுவில் உற்பத்தியாவது. மாட்டுக்குக் காட்டும் தண்ணீரும் கடல்நீரை வாயுவின் சக்தியில் சுத்திகரித்த தண்ணீர். வாயு வருமானம் நின்றால் முதலில் நிற்கப்போகும் தொழில்களில் இதுவும் ஒன்று. உணவுப் பாதுகாப்புக்காகச் செலவு செய்வது சரிதான், செய்யத்தான் வேண்டும். அதைப் பல்வகைப் பொருளாதாரம் என்ற கணக்கில் எழுதுவதுதான் பிழை. விமான நிறுவனம், கால்பந்து அரங்கங்கள், மெட்ரோ ரயில் எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். 2017 பிப்ரவரியில் நிதியமைச்சர், உலகக் கோப்பை தொடர்பான வேலைகளுக்கு வாரத்துக்குச் சுமார் 50 கோடி டாலர் செலவாகிறது என்றார். வாயு தராத பணம் அதில் எவ்வளவு?

முற்றுகைக்குக் கத்தார் கொடுத்த உண்மையான பதில் மாடுகளில் இல்லை. எல்லை மூடி ஒரு மாதம் ஆவதற்குள், ஜூலை 4 அன்று, எல்.என்.ஜி. திறனை 7.7 கோடி டன்னிலிருந்து 10 கோடி டன்னாக உயர்த்தப்போவதாக அறிவித்தது. வடக்கு வயலில் புதுத் திட்டங்களுக்கு 2005-லிருந்து தடை இருந்தது. வயலின் அழுத்தம் குறையுமோ என்ற கவலை. அந்தத் தடையை 2017 ஏப்ரலில்தான் எடுத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஈரான் அதே வயலில் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது இன்னும் பொறுத்திருப்பதில் அர்த்தமில்லை. 2019 ஜனவரியில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கை விட்டும் வெளியேறியது. 1961-லிருந்து உறுப்பினர், ஆனால் எண்ணெயில் அது சின்ன ஆள், வாயுவில் பெரிய ஆள். இலக்கு அப்புறம் 11 கோடி, 12.6 கோடி என்று ஏறி, 2024 பிப்ரவரி அறிவிப்பில் 14.2 கோடி டன்னைத் தொட்டது. நெருக்கடி வந்தபோது கத்தார் வாயுவிலிருந்து விலகவில்லை, இன்னும் ஆழமாக இறங்கியது.

ஒப்பந்தம் என்ற கயிறு

நீண்ட ஒப்பந்தம் இரண்டு பக்கமும் கட்டும் கயிறு. இதை இந்தியா நன்றாக அறியும். எல்.என்.ஜி. இறக்குமதி செய்யும் இந்திய நிறுவனமான பெட்ரோநெட் 1999-ல் கத்தாரோடு ஆண்டுக்கு 75 லட்சம் டன்னுக்கு ஒப்பந்தம் போட்டது. 2004 ஜனவரியில் 'திஷா' கப்பல் ராஸ் லஃபானிலிருந்து குஜராத்தின் தஹேஜுக்கு முதல் சரக்கைக் கொண்டுவந்தது. 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிந்தபோது சிக்கல் வந்தது. ஒப்பந்த விலை ஐந்தாண்டுச் சராசரியில் கணக்கிடப்பட்டதால், சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் வாயுவுக்கு இந்தியா ஒரு யூனிட்டுக்கு (பத்து லட்சம் பி.டி.யு.) 12, 13 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. பெட்ரோநெட் குறைவாக எடுத்தது. ஒப்பந்தப்படி அதற்குச் சுமார் 12,000 கோடி ரூபாய் அபராதம் வரும். 2015 டிசம்பரில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, மூன்று மாதச் சராசரி விலைக்கு மாற்றினார்கள். விலை ஏறக்குறையப் பாதியானது. அபராதத்தையும் கத்தார் தள்ளுபடி செய்தது.

நஷ்டப்பட்டார்களா? அந்த ஆண்டுக் கணக்கில் ஆம். ஆனால் 2024 பிப்ரவரியில் அதே 75 லட்சம் டன்னை 2048 வரை வாங்க இந்தியா மறுபடி கையெழுத்துப் போட்டது. அபுதாபிக் குழாயை மூடாமல் விட்டதும், அபராதத்தை விட்டுக்கொடுத்ததும் ஒரே புத்தி என்று நான் நினைக்கிறேன். இன்றைக்கு வரும் காசைவிட வாடிக்கையாளர் 30 ஆண்டு தங்குவது முக்கியம் என்று நினைக்கும் வியாபாரி புத்தி. சீனாவின் சினோபெக்கோடு 2022-ல் போட்டது 27 ஆண்டு ஒப்பந்தம்.

கயிற்றின் ஓட்டையும் இங்கேதான். விலை எண்ணெயோடு போகிறது, அதைக் கத்தார் தீர்மானிப்பதில்லை. 2016 பட்ஜெட்டில் 15 ஆண்டுகளில் முதல்முறையாகப் பற்றாக்குறை, 4,650 கோடி ரியால். அது முற்றுகைக்கும் முந்தைய கதை. என் கணிப்பில் கத்தாருக்குச் சோதனை 2017 அல்ல. பக்கத்து நாடுகளை மூன்றரை ஆண்டு சமாளித்தார்கள், 2021 ஜனவரி 5-ல் சவூதியின் அல் உலாவில் சமாதானமும் ஆனது. நீண்ட நாளைக்கு விலை குறைவாகவே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த முற்றுகையில் எந்தப் பதிலும் கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டு ஒப்பந்தக்காரர்கள்

ஒரு பதில் மட்டும் வேறிடத்தில் கிடைத்தது. 2020-ல் கொரோனாவும் எண்ணெய் விலைச் சரிவும் சேர்ந்து வந்தபோது, கத்தார் குடிமக்கள் அல்லாத ஊழியர்களுக்கான செலவை ஜூன் முதல் 30 சதவீதம் குறைக்கச் சொல்லி அமைச்சகங்களுக்கும் அரசுப் பணத்தில் இயங்கும் அமைப்புகளுக்கும் நிதியமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பளத்தைக் குறை, அல்லது ஆளைக் குறை. குடிமக்களின் சம்பளத்தில் கைவைக்கவில்லை.

முற்றுகை நேரத்தில் கத்தாரில் சுமார் 27 லட்சம் பேர் இருந்தார்கள். குடிமக்கள் 3 லட்சத்தை ஒட்டி. வேலை செய்வோரில் 100-க்கு 95 பேர் வெளிநாட்டவர். தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடு என்று எழுதும்போது இந்த 27 லட்சம் பேரையும் சேர்த்து வகுக்கிறார்கள். பணம் அப்படி வகுபடுவதில்லை. வருமானம் விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தையாக இருப்பது முதலீட்டு ஆணையம் மட்டுமல்ல, ஊருக்கு அனுப்பிவிடக்கூடிய இந்தத் தொழிலாளியும்தான். இராமநாதபுரத்துச் சபுராளிக்கு, அதாவது பிழைக்க வெளிநாடு போனவருக்கு, இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

மாற்றங்கள் வந்தன, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அலுவலகம் 2018-ல் தோஹாவில் திறந்தது. நாட்டைவிட்டுப் போகக் கபீலின் (விசா கொடுத்த முதலாளியின்) அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற விதி பெரும்பாலானோருக்கு நீங்கியது. 2020-ல் வேறு கம்பெனிக்கு மாறப் பழைய முதலாளியின் என்ஓசி (தடையில்லாச் சான்று) தேவையில்லை என்று சட்டம் வந்தது. கோடையில், ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெளியில் வேலை வாங்கக்கூடாது. 2021 மார்ச்சில் எல்லாருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால்; தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி கொடுக்காவிட்டால் அதற்கு மேலும் 800. கேம்ப்பில் இருப்பவரைக் கேட்டால், சட்டம் சரி, புகார் கொடுத்தபின் அதே சூப்பர்வைசரிடம்தானே வேலை பார்க்க வேண்டும் என்பார்.

ராஸ் லஃபானில் இப்போது எழும்பும் புது ஆலைகளில் இவர்கள்தான் வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுபவர். அந்த ஆலைகள் குளிர்வித்து அனுப்பப்போகும் வாயுவுக்கு 2048 வரை வாங்க ஆள் இருக்கிறது. இந்தத் தொழிலாளிகளுக்கு வழக்கமாகக் கிடைப்பது இரண்டு ஆண்டு ஒப்பந்தம். வேலையை முடித்து ஊர் திரும்பும்போது கத்தார் சட்டம் உறுதிசெய்யும் பணிக்கொடை, ஆண்டுக்கு மூன்று வார அடிப்படைச் சம்பளம். 1,000 ரியால் வாங்குபவர் பத்து ஆண்டு உழைத்தால் கையில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவது சுமார் 7,000 ரியால்.